ரவுண்ட் பென் எத்தனை அடி இருக்கணும்? பேனல் கணக்கோடு ஒரு பதில்

கேள்வி இதுதான். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய இரண்டு வயதுக் கத்தியவார் இனக் குதிரை, ஆண்குட்டி. முதுகில் இன்னும் யாரும் ஏறவில்லை. தோட்டத்தில் 55 அடி அகலம், 80 அடி நீளத்துக்குக் காலியிடம் இருக்கிறது. பைப் வாங்கிப் பட்டறையில் பேனல் (குழாய்ச் சட்டம்) அடித்து, குதிரையைக் கயிறில்லாமல் ஓடவிட்டுப் பழக்கும் வட்டப் பட்டியான ரவுண்ட் பென் போட ஆசை. 40 அடி விட்டம் போதும், சர்க்கஸ் வளையமே அவ்வளவுதான் என்கிறார் ஒருவர். 60 அடிக்குக் குறைந்தால் குதிரையின் கால் போய்விடும் என்கிறார் இன்னொருவர். எது சரி, எத்தனை பேனல், எவ்வளவு பைப்?

உங்கள் இடத்துக்கு 16 பேனல், 50 அடி விட்டம். 40 வேண்டாம். இடம் இருந்தால் 60 இன்னும் நல்லது, ஆனால் உங்களிடம் அகலம் இல்லை. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு பட்டறைக்குப் போகலாம். ஏன் இந்த அளவு, பைப்பை எப்படி வெட்டுவது என்பதுதான் இனி வருவது.

பென்னின் அளவு என்றதும் எல்லோரும் வேலிக்கு வேலி அளக்கிறார்கள். குதிரை ஓடுவது வேலியின் மேல் அல்ல. வேலியிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி உள்ளே தள்ளித்தான் அதன் நடுமுதுகு போகும். ஆகவே 60 அடி பென்னில் குதிரை ஓடும் வட்டம் 55 அடி, 50 அடியில் 45, 40 அடியில் வெறும் 35. வேலிக்கணக்கில் 60-க்கும் 40-க்கும் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். குதிரை ஓடும் வட்டத்தில் அது இன்னும் கூடிவிடுகிறது. சின்ன பென்களில் அந்த இரண்டரை அடிதான் பெரிய பங்கைத் தின்கிறது.

அடுத்தது வேகம். வளைவில் ஓடும்போது குதிரை உள்பக்கம் சாய்ந்தாக வேண்டும். எவ்வளவு சாய்கிறது என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வட்டம் சிறுத்தால் சாய்வு கூடும். டிராட்டில், அதாவது துள்ளுநடையில், நொடிக்கு மூன்றரை மீட்டர், அதைவிட வேகமான தாவல் ஓட்டமான கேன்டரில் நிதானமாக ஓடினால் ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 அடி பென்னில் கேன்டர் ஓடும் குதிரை சுமார் 20 பாகை சாய வேண்டும். 50 அடியில் 24 பாகை. 40 அடியில் 30 பாகை. பக்கவாட்டு விசையாகச் சொன்னால், 60 அடியில் அதன் எடையில் 37 சதவீதம், 50 அடியில் 45, 40 அடியில் 58. அதாவது 40 அடி பென்னில் உங்கள் குட்டி கேன்டர் ஓடுவது, தன் எடையில் பாதிக்கு மேல் பக்கவாட்டில் தாங்கிக்கொண்டு ஓடுவது. பயிற்சி இல்லாத குட்டிக்கு அது தெரியாது. சாய்வதற்குப் பதிலாகத் தலையை வெளியே திருப்பிக்கொண்டு, பின்காலை வழுக்கவிட்டு, குறுக்குக் காலில் தடுமாறும். நின்று பார்த்தால் உங்களுக்கே தெரியும். டிராட்டில் நிலைமை இவ்வளவு மோசமில்லை: 60-ல் எட்டரை, 50-ல் பத்து, 40-ல் பதின்மூன்று பாகை. அதனால்தான் 50 அடி பென் என்றால் டிராட்டுக்கு வசதி, கேன்டருக்கு அளவோடு என்று சொல்கிறேன்.

இன்னொரு கணக்கும் பாருங்கள், இது பலர் கண்ணில் படாதது. கால் மணி நேரம் டிராட் விட்டால் குதிரை ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடும். அந்தத் தூரத்துக்கு 60 அடி பென்னில் 60 சுற்று. 50 அடியில் 73. 40 அடியில் 94. தூரம் ஒன்றுதான், திருப்பம்தான் கூடிக்கொண்டே போகிறது. குட்டிக்கு முன்காலின் முழங்காலுக்கு மேலே எலும்பு வளரும் பகுதி மூடுவதே ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை வயதில். முதுகெலும்பு முதிர இன்னும் சில வருடங்கள் ஆகும். இந்த வயதில் சுற்றின் எண்ணிக்கையைக் குறைப்பதும் வட்டத்தைப் பெரிதாக்குவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இடம் இல்லாதவர் நேரத்தைக் குறைக்கலாம். 40 அடி பென் வைத்திருப்பவர் கால் மணி நேரத்தை ஆறேழு நிமிடமாக்கி, கேன்டரை விட்டுவிட்டால் அதுவும் ஓடத்தான் செய்யும். ஆனால் புதிதாகக் கட்டுகிறவர் எதற்கு அந்தக் கட்டுப்பாட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

சர்க்கஸ் வளையம் பற்றி அவர் சொன்னது பொய் இல்லை. 1768-ல் லண்டனில் குதிரைச் சாகசம் காட்டத் தொடங்கிய பிலிப் ஆஸ்ட்லி வழியாக வந்ததுதான் 42 அடி, அதாவது ஏறக்குறைய 13 மீட்டர் வளையம். இன்றுவரை அதுவே சர்க்கஸின் வழக்கமான அளவு. ஆனால் அது குதிரையைப் பழக்க வைத்த அளவு இல்லை, முதுகில் நிற்கிற மனிதனுக்காக வைத்த அளவு. சீரான வேகத்தில் ஓடும் குதிரையின் மேல் நிற்பவனை அந்த வளைவின் விசை பிடித்து நிறுத்துகிறது. அங்கே ஓடுவது வருடக்கணக்கில் பழகிய, நிதானமாகக் கேன்டர் போடத் தெரிந்த முதிர்ந்த குதிரை, அதுவும் சில நிமிடங்களுக்கு மட்டும். உங்கள் குட்டி மிரண்டால் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு பாயும். இரண்டையும் ஒரே அளவில் வைக்க முடியாது. குதிரையேற்றப் பயிற்சியில் வழக்கமான வட்டம் 20 மீட்டர், அதாவது 65 அடிக்குச் சற்று அதிகம். குதிரை முதுகில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் வால்டிங் போட்டியில்கூட வட்டம் 15 மீட்டருக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில் பழகாத குதிரைகளை வட்டப் பட்டியில் விட்டுப் பழக்கிப் பேர் வாங்கிய மான்ட்டி ராபர்ட்ஸ் சொல்வது 50 அடி. ஆகவே 50 என்பது நான் எங்கிருந்தோ எடுத்துப்போட்ட எண் இல்லை.

அப்படியானால் 80 அடி போட்டால் குதிரைக்கு இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். குதிரைக்கு நல்லது, உங்களுக்கு இல்லை. ரவுண்ட் பென்னின் பயனே, மூலையில் ஒதுங்கிக்கொள்ள வழியில்லாமல் குதிரை உங்களைக் கவனிக்க வேண்டியிருப்பது. அதற்கு நீங்கள் அதன் பார்வையில் அழுத்தம் கொடுக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அது ஏறக்குறைய 20 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 அடி பென்னில் அந்தத் தூரத்தைக் காக்க நீங்கள் ஏழரை அடி ஆரத்தில் ஒரு சின்ன வட்டம் நடந்தால் போதும், சாதாரண நடைதான். 50 அடியில் நடுவிலிருந்து இரண்டு மூன்று அடி நகர்ந்தாலே ஆயிற்று. 80 அடி பென்னில் பதினேழரை அடி ஆரத்தில் நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் விறுவிறுவென்று நடக்க வேண்டும், அதுவும் மணலில். பத்து நிமிடத்தில் உங்களுக்கு மூச்சு வாங்கும், குதிரை உங்களை வேலை வாங்கக் கற்றுக்கொள்ளும். மாறாக 40 அடியில் நடுவில் நின்றாலும் குதிரை பதினேழு அடியில்தான் இருக்கிறது. நீங்கள் ஒரு அடி எடுத்து வைத்தாலே அதற்கு நெருக்கடி. பயந்த குட்டி வேலி மேல் தாவப் பார்ப்பது அப்படித்தான். முன்னே போய் மறிக்கும்போது உதை படும் தூரமும் குறைந்துவிடுகிறது.

சரி, இனி பேனல்.

இங்கேதான் பெரும்பாலோர் தலைகீழாகப் போகிறார்கள். விட்டத்தை முதலில் எழுதி, சுற்றளவைக் கணக்குப் போட்டு, அதைப் பேனலால் வகுத்து, கடைசியில் ஒரு துண்டு பேனல் அடிக்கிறார்கள். பைப் எந்த நீளத்தில் கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். கடையில் "இருபது அடி" என்று கொடுப்பது பெரும்பாலும் 6 மீட்டர். டேப் பிடித்துப் பாருங்கள், 19 அடி 8 அங்குலம் இருக்கும். பாதியாக வெட்டினால் 9 அடி 10 அங்குலம். அதுதான் உங்கள் பேனல் நீளம். 10 அடி பேனல் என்று பட்டறையில் சொல்லிவிட்டால், அவர் அந்த இரண்டு அங்குலத்துக்கு ஒவ்வொரு குழாயிலும் ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பார்.

பேனலைப் பேனலோடு மாட்டும் இடத்தில் ஒன்றரை அங்குலம் இடைவெளி வரும். அதையும் சேர்த்தால் ஒரு பக்கம் 9 அடி பதினொன்றரை அங்குலம். எத்தனை பேனல் வைக்கிறீர்களோ அத்தனையால் பெருக்கி 7-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் விட்டம். 16 பேனலுக்கு 50 அடி 8 அங்குலம். 19 பேனலுக்கு 60 அடி 2 அங்குலம். 13 பேனலுக்கு 41 அடி சொச்சம்.

இது உண்மையில் வட்டம் இல்லை, பல கோணம். அதனால் மூட்டிலிருந்து எதிர் மூட்டுக்கு அளந்தால் கொஞ்சம் கூடுதலாகவும், பேனல் நடுவிலிருந்து எதிர்ப்பேனல் நடுவுக்கு அளந்தால் கொஞ்சம் குறைவாகவும் வரும். 16 பேனலில் முதலாவது 51 அடி, இரண்டாவது 50 அடி. ஒரு அடி வித்தியாசம், கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பேனல் எண்ணிக்கை குறையக் குறைய மூலை மூலையாகத் தெரிய ஆரம்பிக்கும். பத்துப் பேனலில் ஒவ்வொரு மூட்டிலும் 36 பாகை திருப்பம். குட்டி அந்த மூட்டில் மூக்கை நுழைத்து நின்றுகொள்ளும். பதினாறில் இருபத்திரண்டரை பாகை, அங்கே ஒதுங்க இடமில்லை. நீளமான பேனல் வாங்கி எண்ணிக்கையைக் குறைக்கலாமே என்று பட்டறைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்கவும் பத்தடிக்கு மேல் சிரமம்.

பைப் கணக்கு. ஒன்றரை இன்ச் பைப் போதும். ஒரு பேனலுக்கு ஆறு கிடைக்குழாய், அதாவது மூன்று முழு பைப். செங்குத்தாக மூன்று கால், ஒவ்வொன்றும் 6 அடி. ஒரு பைப்பில் மூன்று கால் வெட்டியபின் 20 அங்குலம் மிஞ்சும். அந்தத் துண்டில்தான் பேனலைப் பேனலோடு மாட்டும் காதுகளை, அதாவது கம்பி இறங்கும் வளையங்களை, அறுத்துக்கொள்ள வேண்டும். ஆக ஒரு பேனலுக்குச் சரியாக நான்கு பைப், கழிவு இல்லை. 16 பேனலுக்கு 64 பைப். கதவுப் பேனலுக்குக் கூடுதலாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து முதல் குழாய் ஒரு அடி உயரத்தில், பிறகு அடிக்கு ஒன்று. பழகிய குதிரைக்கு 5 அடி உயரம் போதும்தான், ஆனால் சந்தையிலிருந்து வந்த குட்டிக்கு ஆறுக்குக் குறைய வேண்டாம்.

கிடைக்குழாய்களைக் கால்களுக்கு இடையில் பொருத்தாமல், காலின் மேல் உள்பக்கமாக ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு காரணம். இடையில் பொருத்தினால் கால்களின் தடிமன் சேர்ந்து பேனல் நீளம் நான்கு அங்குலம் கூடி, மேலே போட்ட கணக்கு பிசகும். அதைவிட, ஓடும் குதிரையின் தோள்பட்டையும் பிறகு உங்கள் முழங்காலும் உரசுவது வழுவழுப்பான குழாயில் இருக்க வேண்டும், துருத்திய காலில் அல்ல. குழாய் முனைகளைத் தகடு வைத்து அடைத்துவிடச் சொல்லுங்கள். வெட்டிய முனை கத்தி மாதிரி. அதோடு திறந்த குழாய்க்குள் குளவி கூடு கட்டும், பயிற்சி நடுவில் குளவி கிளம்பினால் குதிரையையும் பிடிக்க முடியாது உங்களையும் பிடிக்க முடியாது.

அழகுக்காகப் பேனலின் மேல் மூலைகளை வளைத்து அடிப்பார்கள். வேண்டாம். இரண்டு வளைந்த மூலைகள் பக்கத்துப் பக்கம் வரும்போது நடுவில் ஆங்கில 'வி' வடிவத்தில் ஓர் இடுக்கு விழும். குட்டி முன்காலைத் தூக்கி எழும்பினால் கால் நேராக அதில் போய் இறங்கும். இறங்கிய கால் தன் எடையாலேயே கீழே கீழே நெருங்கிச் சிக்கும். செங்கோண மூலை, ஒன்றரை அங்குல இடைவெளி, குளம்பு நுழையவே முடியாது. மாட்டுவதற்கு இரண்டு பேனலின் கால்களிலும் காது வைத்து மேலிருந்து ஒரு கம்பி இறக்கினால் போதும். கம்பி மேலே எழும்பிவிடாமல் அடியில் ஒரு ஆணி. மூன்று மூட்டுக்கு ஒன்றாகத் தரையில் இரும்புக் குச்சி அடித்துக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் குதிரை சாய்ந்து சாய்ந்து பென் மெல்ல நீள்வட்டமாகும்.

கதவை இந்தப் பதினாறில் ஒரு பேனலுக்குள்ளேயே வையுங்கள். தனியாக நான்கடிக் கதவு வாங்கிச் செருகினால் ஒரு பக்கம் மட்டும் குட்டையாகி, அந்த இடத்தில் இரண்டு மூட்டு நெருங்கி வரும். கதவுக்கு மேலே குறுக்குக்குழாய் வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் குதிரை மேல் உட்கார்ந்த ஆளின் தலைக்கு மேல் தாராளமாக இடம் விட்டு வையுங்கள். கதவு நிற்க வேண்டிய இடம் உங்கள் 80 அடி நீளம் மிஞ்சுகிற பக்கம். அகலத்தில் பக்கத்துக்கு இரண்டடிதான் மிஞ்சும், அங்கே குதிரையைக் கையில் பிடித்துத் திருப்ப முடியாது.

அந்த இரண்டடி பற்றி இன்னொன்று. எல்லையில் கல்கால் நட்டு முள்கம்பி இழுத்திருந்தால், பென் நெருங்கி வரும் நீளத்துக்காவது கம்பியைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போடுங்கள். குதிரை பேனலுக்கு மேலே தலையை நீட்டினால் முள் எட்டும். கிளுவை வேலியாக இருந்தால் பென் பக்கம் நீண்ட கிளைகளை வெட்டிவிடுங்கள், கண்ணில் குத்தும். செலவைக் குறைக்கப் பென்னையே கல்காலும் கம்பியுமாகக் கட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. மாட்டுக்குச் சரி. மிரண்டு ஓடும் குதிரை கல்காலில் தோளை இடித்தால் உடைவது கல் இல்லை.

நிறுத்தும் விதம் எளிது. முளை அடித்துக் கயிறு பிடித்துச் சுண்ணாம்பில் வட்டம் போடுவார்கள், அது இங்கே தேவையில்லை. பதினாறு பேனலையும் தோராயமாக மாட்டி முடித்துவிட்டு, நடுவில் முளை அடித்து 25 அடி 6 அங்குலக் கயிறு கட்டி ஒவ்வொரு மூட்டுக்கும் பிடியுங்கள். கயிறு தொய்ந்தால் அந்த மூட்டை வெளியே தள்ளுங்கள், எட்டவில்லையென்றால் உள்ளே இழுங்கள். இரண்டு சுற்று போனால் வட்டம் நிற்கும்.

தரைக்கு மணல் இரண்டரை மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஆழமான மணலில் ஓடவிட்டால் கணைக்கால் தசைநாண் இழுபடும், அது பென் சிறுத்ததைவிடக் கேடு. 50 அடி வட்டத்துக்கு மூன்று அங்குலம் என்றால் ஏறக்குறைய 500 கன அடி, அதாவது 5 யூனிட். ஆற்று மணல் கிடைப்பது கடினம், எம்-சாண்ட் போடுவதென்றால் கழுவியதாக வாங்குங்கள். கழுவாததில் மாவு அதிகம், தண்ணீர் தெளித்தால் சிமெண்ட் தரை மாதிரி இறுகும், காய்ந்தால் தூசி குதிரையின் மூக்கில்தான். அடியில் கரிசல் மண் என்றால் மணலைக் கொட்டுமுன் கிராவல் போட்டு உயர்த்தியே ஆக வேண்டும், முதல் மழையிலேயே மணல் உள்ளே போய்விடும். குதிரை ஓட ஓட மணல் வேலியோரம் ஒதுங்கி, ஓடுதடம் பள்ளமாகும். பள்ளத்தில் ஓடினால் உள்காலும் வெளிக்காலும் வேறு வேறு உயரத்தில் ஊன்றும். வாரத்துக்கு ஒருமுறை வாரி உள்ளே தள்ளுங்கள்.

இந்த 50 அடியில் உங்கள் குட்டியோடு என்ன செய்யலாம்: கயிறில்லாமல் பழக்குவது, நிற்கவும் திரும்பவும் கற்றுக்கொடுப்பது, சேணம் போட்டுக் காட்டுவது, முதல்முறை ஏறுவது. ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடம், நிறுத்தி மறுபக்கம், மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஏறிய பிறகு டிராட் வரை. கேன்டரை ஆள் ஏறி இதற்குள் பழக்க வேண்டாம், தோட்டத்துத் தடத்தில் நேராக ஓட்டிப் பழக்குங்கள். ரேக்ளா வண்டி கட்டும் எண்ணம் இருந்தால் வண்டியை உள்ளே கொண்டுவராதீர்கள். நீள்கயிறு பிடித்துப் பின்னால் நடந்து ஓட்டும் பயிற்சி மட்டும் இங்கே, வண்டி வெளியே.

பட்டறையில் அச்சு வைத்துத்தான் பேனல் அடிப்பார்கள். அந்த அச்சைக் கலைக்குமுன் மூன்று பேனல் அதிகமாக அடித்து வாங்கிவிடுங்கள், 12 பைப் செலவு. இப்போதைக்குக் கன்றுகளை அடைக்க ஆகும். என்றைக்காவது பக்கத்தில் பத்தடி அகலம் சேர்ந்தால், அந்த மூன்றையும் செருகி நடுக்கயிற்றை 30 அடி 3 அங்குலமாக்கினால் 60 அடி பென் ரெடி.